எட்டாவது சாண்

குகை வாயில் சுண்ணாம்புப் பாறை சொட்டுகிறது.
மேலடுக்கில் என்ன கிடைக்கும் என்று
ஙாரிமாவுக்குத் தோண்டாமலே தெரியும்:
சோடா மூடி, மாட்டிறைச்சி டின்னின் காது,
மாமன் தொலைத்த தூண்டில் முள்.

சல்லடையை இடுப்பில் அணைத்து ஆட்டுகிறாள்.
மண் போகிறது.
தங்குவதை ஈரத் துணியில் பரப்புகிறாள்.
முதல் சாணில் கோழி, பன்றிப் பல்.
அதற்குக் கீழே மீன், மீன், இன்னும் மீன்,
நகத்தளவு சிறுத்துப்போன சிப்பிகள்.
எலித்தாடை எல்லா ஆழத்திலும்.

ஐந்து சாணுக்குக் கீழே பறவை தொடங்குகிறது.
ஒன்றிரண்டு.
பிறகு கைப்பிடி.
பிறகு துணி போதவில்லை.
புறா, கிளி,
வளைக்குள் முட்டையிடும் கடற்பறவை,
தப்பியோட வேண்டிய தேவையே வராமல்
சிறகு சுருங்கிய கானாங்கோழி.
இறங்க இறங்கக் காடு திரும்பி வருகிறது.
மேலிருந்து படித்தால் இது பெருகும் கதை.
காலம் கீழிருந்துதான் எழுதியது.

அட்டையில் பெயர் எழுதும் இடத்தில்
எண் எழுதுகிறாள்.
ங என்று ஓர் எழுத்து என் மொழியில் உண்டு;
வரிசையில் நிற்கும், ஏறக்குறைய எந்தச் சொல்லையும் தொடங்காது.
இந்தத் தீவில், இவள் பெயரில்தான்
அதற்கு வேலை கிடைத்தது.
இந்த எலும்புகளும் வரிசையில் நிற்கின்றன.
கூப்பிட்ட பெயர் இல்லை.
இருந்திருக்கும்;
சமைத்த எதையும் பெயரில்லாமல் சமைத்திருக்க மாட்டார்கள்.

"வருத்தமாக இல்லையா?" என்று கேட்டாள்
அளவுநாடா பிடிக்க வந்த எல்ஸ்பெத்.
"எத்தனை நாள் கடலில் இருந்தார்கள், தெரியுமா?"
"தெரியாது."
"எனக்கும் தெரியாது," என்று ஙாரிமா
டின்னைத் திறந்தாள்.

இரட்டைப் படகு மணலில் உரசியபோது
பறவைகள் ஓடவில்லை,
யாரென்று பார்க்க வந்தன.
அவற்றுக்குப் பயத்தைக் கற்றுத்தர
அதுவரை யாரும் அங்கே வந்ததில்லை.
உப்பில் வெடித்த கை நீண்டது.
கைக்கே வந்தன.
குழந்தை அன்று அழுகையை நிறுத்தியிருக்கும்.
படகின் அடியிலிருந்து எலியும் இறங்கியது,
அதற்கும்
ஒரு சாண் வயிறுதான். இல்லை,
அவ்வளவுகூட இல்லை.

ஆறாவது சாணில்
இறகெலும்பில் செதுக்கிய சிறு சீப்பு.
பச்சை குத்துவது.
நாலு பல், ஒன்று ஒடிந்தது.
செத்த பிறகும் ஒரு பறவை
எத்தனை தோள்களில் நடந்திருக்கிறது!
ஙாரிமா அதைத் தன் முழங்கையருகே வைத்துப் பார்த்தாள்,
ஆக்லாந்தில் மின்னூசியால் குத்திய கோலத்தின் மேல்.
பல்லுக்குப் பல் பொருந்தவில்லை.
கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தாள்.

எட்டாவது சாணில்
கரி இல்லை.
எலி இல்லை.
எலும்பில் வெட்டுத் தழும்பு இல்லை.
கிடப்பவை தாமாகவே செத்தவை,
மூப்பில், புயலில், ஏதோ ஒரு சாதாரணத்தில்.
எங்களில் ஒருவரையும் பார்த்திராத மண்.
சல்லடையைச் சாய்த்து வைத்துவிட்டு
அவள் குந்தி உட்கார்ந்தாள்.
கால்தடம் பதிந்துவிட்டதே என்று
பாதத்தைப் பார்த்தாள்.

குழி விளிம்பில்
எவர் வீட்டுக் கோழியோ
தலை சாய்த்து, ஒற்றைக் கண்ணால்
கீழே பார்த்தது.
"ச்சூ" என்றாள்.
அது ஓடவில்லை.