நானூற்று ஏழு

முனைக்காட்டுக் கரையில் அதற்குப் பெயர் பெப்சிப் பாசி.
எங்கள் சாமி எதுவும் வைத்த பெயரல்ல.
கொண்டுவந்த கம்பெனி எப்போதோ போய்விட்டது.
பெயர் மட்டும் மூங்கில் மிதவையில்
இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

துண்டு துண்டாகக் கயிற்றில் முடிந்து விட்டால்
நாற்பத்தைந்து நாளில் கயிறு கனத்துத் தொங்கும்.
அறுப்பு நாளில் இடுப்பளவு நீரில்
நானும் பஞ்சவர்ணமும்
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நிற்போம்.
விடியுமுன் இறங்க வேண்டும்.
அந்த நேரத்தில் எந்த அடுப்பு எரியும்?
மடியில் ஒரு கிரீம் பிஸ்கட்,
கரையேறியதும் மஞ்சளாக ஒரு பாட்டில்,
மத்தியானத்துக்கு நூடுல்ஸ்.
கூலி வாங்கிய கையை நீட்டினால்
கடை.

கஞ்சியின் அருமையை
யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம்.
வேறொன்றும் இல்லாததால் குடித்தோம், அவ்வளவுதான்.
முதல் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபோது
அந்தச் சத்தத்துக்குள்
நான் கொஞ்ச நேரம் பணக்காரியாக இருந்தேன்.

புரட்டாசியில் பாறை கிழித்தது, கணுக்காலுக்குக் கீழே.
கீறலுக்கெல்லாம் மருந்து தேடினால்
கடலில் பிழைக்க முடியாது.
உப்புத்தண்ணி ஆற்றிவிடும் என்று விட்டேன்.
ஐப்பசி போனது.
கார்த்திகை போனது.
மண்டபம் ஆஸ்பத்திரியில் விரல் நுனியைக் குத்திவிட்டு
அந்தப் பெண் சின்னத் திரையைப் பார்த்தாள்.
"முந்நூத்தி எண்பத்திரெண்டு.
என்னக்கா சாப்புடுறீங்க?"
பிஸ்கட் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
மீன் என்றேன்.

மூன்று மாசத்துக்குத் தண்ணியில் கால் வைக்கக் கூடாதாம்.
காய்கிற பாசிக்குப் பக்கத்தில்
காலை நீட்டிப் போட்டுக்கொண்டு
காக்காய் விரட்டினேன்.
லாரியோடு வரும் கணக்குக்காரர் குமரவேல்
எடை போட்டுக்கொண்டே, யாரும் கேட்காமலே சொன்னார்:
"இதெல்லாம் பொடியாப் போயிரும்.
ஐஸ்கிரீம் வழுவழுன்னு நிக்கணும்ல, அதுக்கு.
டப்பாவுல நானூத்தி ஏழுன்னு போட்டுருப்பான்."
கிலோவுக்கு எழுபது ரூபாய்.
எண்ணி வாங்கி முந்தியில் முடிந்தேன்.

நம்புஸ்ரீக்குப் பதினோரு வயது முடிந்த அன்று
ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன்.
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுக் கண்ணாடிக் கடை.
கோழியை வாளியில் தருகிறார்கள்.
எங்கள் வீட்டில் வாளிக்குள் நண்டு கிடக்கும்,
மூடியைத் தூக்கினால் கடிக்க வரும்.
இது பேசாமல் இருந்தது.
அவள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.
நான் காலை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு ரோஸ் கலர் டப்பா, அறுபது ரூபாய்.
அடியில் எறும்பு எழுத்து.
வாசி என்றேன்.
"நானூத்திப் பத்து, நானூத்திப் பன்னெண்டு,
நானூத்தி ஏழு..."
"நிறுத்து. திரும்ப வாசி."
"நானூத்தி ஏழு. ஏம்மா?"
ஒன்றுமில்லை.
எங்கேயோ போனவர்கள் பெயரை
ரேஷன் கார்டில் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு கரண்டி.
நாக்கில் வைத்து உப்பைத் தேடினேன்.
பஞ்சவர்ணத்தின் விரல் துணியை,
வாடைக்காற்றை, மணலை,
மிதவைக்கடியில் வந்து கொறிக்கும் ஓரா மீனை.
எதுவும் இல்லை.
கடலை அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தார்கள்.
"நல்லாருக்காம்மா?"
நல்லாத்தான் இருந்தது.
ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணிடம்
நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

ஐந்தாவது வாரமே இறங்கிவிட்டேன்.
மிதவைக்கு வாங்கிய கடனுக்கு
சுகர் டெஸ்ட் தெரியாது.
பஞ்சவர்ணம் கரையில் ஒதுங்கிக் கிடந்த
பெரிய சைஸ் சிப்ஸ் பையை உதறி எடுத்தாள்.
உள்பக்கம் வெள்ளியாக மின்னியது.
காலை அதற்குள் விட்டு
பாசிக் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினாள்.
"கிழியாதுடி. நம்மளவிட அது ரொம்ப நாள் இருக்கும்."

தண்ணி ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.
அதுக்காவது ஆச்சு.