மூன்று தாள்

ஹால்வாரின் ஊரில் இதற்குத் திருட்டு என்று பெயர்:
ஆளில்லாத கூடாரத்தில் நுழைவது, அடுப்பை மூட்டுவது,
அடுத்தவர் தேநீரைக் குடிப்பது.
கோபியில் அன்று பனிப்புயல்.
குடித்தான். பெட்டிமேல் மூன்று தாள் வைத்துவிட்டு
நிம்மதியாக ஜீப்பைக் கிளப்பினான்.

சரங்கரெல் திரும்பியபோது பானை காலி;
அதை அவள் பொருட்டாகவே எடுக்கவில்லை.
பணத்தைக் கண்டதும்தான் முகம் சுண்டியது.
என் அடுப்பென்ன கடையா?
குதிரையைத் தட்டிவிட்டாள்.

இரண்டு மேடு தாண்டி ஜீப் நின்றிருந்தது.
பனியில் மண்டியிட்டிருந்தான்,
மடியில் அவள் ஆட்டுக்குட்டி, சக்கரம் ஏறிய வயிறு.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
அப்படிக் குனிந்த தலையை அவளுக்குத் தெரியும்;
துப்பாக்கி தவறி வெடித்த அன்று
தம்பி இப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

திருப்பி எறிய எடுத்துவந்த தாள்கள்
கைக்குள் ஈரமாயின.
இப்போது இது யாருடைய பணம்,
எதற்கு?