மூன்றாம் நாற்காலி

அவர் முன்வாசல் வழியாக வந்ததே இல்லை.
அழுக்குத் துணி வண்டிகள் போகும் பின்கதவு,
காவலாளிக்கு ஒரு தலையசைப்பு,
அவ்வளவுதான்.
மாதத்தின் முதல் செவ்வாய்.
மொந்தெவிதேயோவிலிருந்து இரவுப் பேருந்தில்
ஐந்நூறு கிலோமீட்டர் மடங்கி வந்த உயரம்
நிமிரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஒலேகாரியோ பின்டோஸ்.
உருகுவேயின் கோல்காப்பாளர்.
என் மகனின் அறைச் சுவரில்
நான்கு வருடமாகத் தரையிறங்காமல் பறக்கிறவர்.
இங்கே, சால்த்தோவில், டயாலிசிஸ் அறையில்
மூன்றாம் நாற்காலிக்குப் பக்கத்தில்
பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து
திட்டு வாங்குகிறவர்.

'இடப்பக்கம் ஏன் சாய்ந்தாய்?
அவன் இன்னும் காலையே தூக்கவில்லை!'

திட்டுகிறவர் வாஷிங்டன் சில்வேரா.
முப்பத்தொரு வருடம்
ஆரஞ்சுப் பழத்தைப் பெட்டியில் அடுக்கியவர்.
இனி ஒரு சுளைகூட ஆகாது என்று
நான்தான் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
தண்ணீர்கூட அளந்துதான்.
ஏழு வருடத்துக்கு முந்தைய பெனால்டியை
அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் ஒரு கடிதம் போயிருக்கிறது.
வாழ்த்து இல்லை, நோயைப் பற்றி ஒரு வரி இல்லை.
நான்கு பக்கமும் வசவு,
படம் வரைந்து பாகம் குறித்து.
அனுப்புநர் முகவரியில் மட்டும்
எங்கள் பிரிவின் பெயர்.
பதில் எழுதவில்லை பின்டோஸ்.
வந்துவிட்டார்.

எங்கள் நாட்டில்
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை இல்லாமல் யாரும் நடப்பதில்லை.
மாத்தே ஒரு மிடறு உறிஞ்சாமல் பேச்சு வராது.
அவரும் கொண்டுவருவார்.
கதவுக்கு வெளியே, தீயணைப்பான் பக்கத்தில்
வைத்துவிட்டு உள்ளே வருவார்.
நான்கு மணி நேரம்.
நடுவில் எழுந்து போனதில்லை.
'போய்க் குடித்துவிட்டு வாருங்களேன்' என்றேன் ஒருமுறை.
'ஆறிப்போயிருக்கும்' என்றார்.
அந்த மாதிரிக் குடுவையில்
மறுநாள் காலைவரை எதுவும் ஆறாது.

ஊசி ஏற்றுமுன் ஒரு நாள்
வாஷிங்டன் அவர் கையைப் பிடித்து இழுத்தார்,
இரண்டு தடவை முறிந்து கோணிய சுண்டுவிரலோடு.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்,
தோலுக்கடியில் எப்போதும் குறுகுறுவென்று ஓடும்.
'வை. கேள்.'
விரலால் கேட்டார் பின்டோஸ், கண்ணை மூடிக்கொண்டு.
'கூட்டம்' என்றார்.
'அரங்கு நிறைந்துவிட்டது.'
'டிக்கெட் இல்லாதவனும் உள்ளே வந்துவிட்டான்' என்றார் வாஷிங்டன்.
நான் பஞ்சை இரண்டாம் முறை எடுத்தேன்,
முதலாவது எங்கே விழுந்ததோ.

ஆகஸ்டில் மறுபடி ஒரு பெனால்டி.
உதைக்கும்வரை அசையாமல் நின்றார்.
பந்து வலப்பக்கம் போனது.
இவரும் வலப்பக்கம்தான் போனார்,
ஒரு சாண் தாமதம்.
நாடே திட்டியது.
என் மகன் சுவரொட்டியின் ஒரு மூலையைக் கிழித்து
பிறகு பசை போட்டு ஒட்டினான்.
அவனிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய் வாஷிங்டன் வெகுநேரம் பேசவில்லை.
இயந்திரம் மட்டும் சுற்றியது.
பிறகு,
'அழகாக விட்டாய்' என்றார்.
'அப்படித்தான் விடவேண்டும்.'

அக்டோபரில் மூன்றாம் நாற்காலியில்
எவுஃப்ராசியா அம்மாள், தையல்காரி,
பந்து உருண்டை என்பதுவரை தெரியும்.
பின்டோஸின் தொலைபேசி எண் என்னிடம் இல்லை.
அவர் வந்தார்.
வாசலில் நின்று நாற்காலியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
நான் தலையை ஆட்டினேனா, குனிந்தேனா, நினைவில்லை.

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.
குனிந்து குடுவையைத் தீயணைப்பான் பக்கத்தில் வைத்தார்.

'யாருப்பா நீ? என்ன வேலை பார்க்கிறாய்?'
'நிற்கிற வேலை, அம்மா.'
'காவலாளியா?'
'கிட்டத்தட்ட.'
'பாவம். கால் வலிக்குமே.'
முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
'வலிக்கும்' என்றார்.