இதர

பொழிக்கு மேற்கே, பாறைகள் தொடங்கும் இடத்தில்
மேசை போட்டார்கள்.
மேசைமேல் மின்தராசு,
காற்றில் பறக்காதிருக்க கல் வைத்த படிவக் கட்டு.
மேசைக்குப் பின்னால் நான்.
நாளுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்,
சாப்பாடு உண்டு, தொப்பி இலவசம்.

கடியபட்டணத்துக்குள் திரும்ப முடியாமல்
கம்பெனி பஸ் இரண்டும் கோயிலடியில் நின்றன.
எல்லோருக்கும் நீல பனியன்.
முதுகில் ஓர் அலை, அலைக்குக் கீழே பெயர்.
மகளிர் குழுவுக்கும் அதேதான்.
கில்டா அக்கா சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு
"நாளைக்கு மீன் விக்கவும் இதத்தான் போடுவேன்" என்றாள்.

படிவத்தில் ஒன்பது கட்டங்கள்.
பாட்டில், மூடி, ஸ்ட்ரா, செருப்பு,
தெர்மோகோல், பால் கவர், வலை,
சாஷே.
கடைசியில் இதர.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்:
'யாருடையது'.

முதல் சாக்கை அவிழ்த்தார்கள்.
வள்ளியாறு மலையிலிருந்து இழுத்து வந்தது பாதி,
நீவாடு திருப்பித் தந்தது பாதி.
கருமணல் ஒட்டிய ஷாம்பு உறைகள்,
ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.
சாயம் போயும் சிரிப்புப் போகாத
ஒரே பெண்ணின் முகம், நூறு நூறாய்.
உறையின் மூலையில்
பனியனில் இருந்த அதே எழுத்து.

எழுதப் போனேன்.
ரகுநந்தன் சார் நல்ல மனிதர்.
விடியற்காலையில் வந்திறங்கியதும்
"சாப்பிட்டீங்களா" என்று கேட்ட ஒரே ஆள்.
குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:
"நம்மளோடத மட்டும் இதரல போட்டுருங்க விண்ணரசி.
ரிப்போர்ட்ல குழப்பம் வேண்டாம்."

இதர.
இதர.
பத்தரை மணிக்குள்
அந்தச் சொல்லின் எழுத்துகள் எனக்கே அந்நியமாகிவிட்டன,
ஏதோ ஊரின் பெயர் போல.

இரண்டு டன் இலக்கு.
"ஈரம் காய வேண்டாம், அப்படியே நிறுங்க" என்றார்.
மீனுக்கு என்றால் ஐஸுக்குக் கழிவு உண்டு.
சாக்குக்கு இல்லை.

வள்ளத்தின் நிழலில் இருந்து
அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்த சேசடிமை
ஒரு நைலான் பொதியை மணலில் இழுத்து வந்தார்.
ஆடிக் கச்சானில் பாறையில் மாட்டிக் கிழிந்த வலை.
கடன் இன்னும் தீரவில்லை, ஊருக்கே தெரியும்.
"மக்களே, இதையும் ஒரு தூக்கு தூக்கு."
அறுபத்திரண்டு கிலோ.
சாருக்கு முகம் மலர்ந்தது.
வலையின் ஒரு முனையை அவரும்
மறுமுனையை ஒரு கம்பெனிப் பெண்ணும் பிடிக்க
நான்கு படம் எடுத்தார்கள்.

பிறகு அவர் மேசைக்கு வந்து
படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.
எட்டு வரிசையில் 'யாருடையது' வெற்றுக் கட்டம்.
வலைக்கு மட்டும்
முன்பே அச்சாகியிருந்தது: உள்ளூர் மீனவர்.
"நம்ம பேர அடிச்சே கொண்டாந்திருக்காவ" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
இலவசத் தொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குப் பதினாறு கிலோ குறைந்தது.
பிரியாணி டப்பாக்கள்
எலும்போடு தராசில் ஏறின.
இரண்டு டன். கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

பொய் சொல்லக் கூடாது:
சாயங்காலம் கரை அழகாகத்தான் இருந்தது.
பையன்கள் இரண்டு சாக்கை நட்டு கோல் போஸ்ட் ஆக்கினார்கள்.
வெறுங்காலோடு ஓடினார்கள்,
ஒருத்தனும் குனிந்து பாதத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் கருமணல்.
பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கியதில்
ஒன்றைக் கிழித்துத் தந்தான்.
ஈரக்கையில் வழுக்கியது, பல்லால் கடித்தேன்.
நகத்துணுக்கு அளவு ஒரு மூலை
நாக்கில் ஒட்டி,
துப்பியதும்
சால் தண்ணீரோடு பொழிப் பக்கம் போயிற்று.

போன் அடித்தது. சார்.
"அடுத்த சனிக்கிழமை முட்டம். வருவீங்களா?"

கண்ணில் நுரை.
வருவேன் என்றேன்.