புதன்கிழமைக் கோழி

திங்கள் எனக்கு விரதம், செவ்வாய் ஒச்சம்மாவுக்கு.
வெள்ளி மீனாட்சிக்கு, சனி பெருமாளுக்கு.
ஞாயிறு அவள் அக்கா வீட்டுக் குழம்பு.
மிச்சம் இரண்டு ராத்திரி.

புதன் காலை, கப்பலூர் பஸ்ஸுக்கு முன்
தொடைத் துண்டுகளைக் கீறி
சோயா சாஸ், பூண்டு, இஞ்சிச் சாறு.
ஜப்பான்காரர்கள் ஊற்றும் இனிப்பு அரிசி மதுவை
வில்லாபுரத்தில் யார் விற்கிறார்?
கருப்பட்டி இருக்கிறது. ஒரு கரண்டி வினிகர்.
மூடி, ஃப்ரிட்ஜில், மாவுத் தூக்குக்கு அடியில்.

அதற்கப்புறம் எனக்கு அதில் வேலையில்லை.
நான் ஷிப்டில் நிற்கிறேன்
அது ஊறுகிறது.

ஏழரைக்கு, இன்னும் நாலு தவணை பாக்கியுள்ள
ஓவனில் வைத்தேன்.
எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.
கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்
இருட்டில், பனியனும் வியர்வையுமாக.
மாடியிலிருந்து ஜெபக்கனியின் குரல்:
"பாகு காய்ச்சுறீங்களாண்ணே?"

ஒன்பதேகால்.
லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்,
முதல் தடவை "கறியில இனிப்பா?" என்று
தட்டைத் தள்ளியவள்.
எலும்பின் முனையை உறிஞ்சிவிட்டு
செல்போன் வெளிச்சத்தைக்
காலண்டர் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்கு வியாழன்தானே?"