கணக்கு

உத்தரவு வந்த நாளிலிருந்து
நான் உங்கள் மனைவி மட்டுமல்ல, காப்பாளர்.
ஆறு மாதத்துக்கொருமுறை
உயர்நீதிமன்றத்தில் கணக்கு.

டயப்பர், பிசியோ, மூக்குக்குழாய்,
ரசீதெல்லாம் தேதிவாரியாக.
உங்கள் பென்ஷன் தனி பாஸ்புக்கில்;
என் தையல் காசு அதில் கலக்கக்கூடாது.
ஸ்கூட்டரை விற்க நீதிபதி அனுமதி வேண்டுமாம்.
பெரம்பூர் மழையில்
கிழிந்த தார்ப்பாயடியில் நனைகிறது.

"இது என்னம்மா, எலுமிச்சை சோடா?
அவரால்தான் விழுங்க முடியாதே?"
என்றார் வக்கீல் எத்திராஜ்.
பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தேன், சார்.
உதடு அசைந்தது.
"ரசீது?"

இருபத்தாறு வருஷம்
கேட்காமல் கைவிட்ட சட்டைப்பை
இன்னும் ஆணியில் தொங்குகிறது.
நேற்று பாரிமுனை போக
அதிலிருந்து இருபது ரூபாய் எடுத்தேன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்:
சுகிர்தா, கடன்.