டீசல் பூஜ்யம்

இரவு பதினொன்றே கால். மோல்டேயில் ஜூன் மாதம்,
இருட்டுக்கு இன்னும் மனம் வரவில்லை.
ஃபியோர்டின் நட்டநடுவில்
சோதனை ஓட்டத்துக்குப் போன மின்படகு நிற்கிறது.
மின்கலம் எண்பத்தொரு சதவீதம். அலையில்லை. கோளாறில்லை.
திரையில் ஒற்றை வரி:
டீசல் பூஜ்யம், எஞ்சின் நிறுத்தப்பட்டது.

தொலைபேசியில் கேப்டன் ஊத்வார் சிரிக்கிறார்:
"சுன்னிவா, உன் படகுக்கு
இல்லாத வயிறு பசிக்கிறதாம்."

படி ஏறிப் போகிறேன்.
மின்படகு என்ற வகுப்பு கார்ப்படகுக்குப் பிள்ளை,
கார்ப்படகு பயணிகள் கலத்துக்கு.
அதற்கும் மேலே, யாரும் திறந்தே பார்க்காத கோப்பில்
வெறும் 'கலம்'.
தொண்ணூற்றாறில் ஐலர்ட் எழுதியது:
எரிபொருள் தீர்ந்தால் எஞ்சினை நிறுத்து.
பக்கத்திலேயே ஒரு குறிப்பு:
எரிபொருள் இல்லாமல் ஓடும் கப்பல் எது?
தப்பில்லை. அன்றைக்கு அது கேள்வியே இல்லை.
ஐலர்ட் இப்போது ஸ்பெயினில் வெயில் காய்கிறார்.
அவர் வரி மட்டும் இங்கே குளிரில் வேலை பார்க்கிறது.

அதில் கைவைக்க முடியாது.
பதினேழு டீசல் படகுகள்
அந்த வரியை நம்பி மிதக்கின்றன.

மூத்த பிள்ளைக்கே பண்ணை என்கிறது எங்கள் நாட்டுச் சட்டம்.
நான் மூத்தவள்.
வேண்டாமென்று தம்பி யூஸ்தைனுக்கு எழுதிக்கொடுத்தேன்,
நாற்பத்து மூன்று ஆடு, ஒழுகும் கொட்டகை,
வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து.
ஒரே கையெழுத்து.
நிரலில் அப்படி எழுதிக்கொடுக்க இடமில்லை.
பிறந்தால் அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்,
தாய் வகுப்பு பூட்டிவைத்ததையும் கூட.
பிள்ளைக்குள் அது இருக்கும்,
பிள்ளையால் தொட முடியாது.

ஆகவே பிள்ளையில் மேலெழுதினேன்:
தொட்டியைப் பார்க்காதே, மின்கலத்தைப் பார்.
படகு நகர்ந்தது. ஊத்வார் விசில் அடித்தார்.
பிறகு,
"கொடிமர விளக்கு அணைந்துவிட்டதே?"

அதே சோதனைக்குள், முப்பது வரி தள்ளி,
ஒரு குறிப்பும் இல்லாமல்
ஐலர்ட் விளக்கையும் ஏற்றிவைத்திருக்கிறார். ஏனோ.
பசியை அழிக்கப்போய்
வெளிச்சத்தையும் அழித்திருக்கிறேன்.

கைவைக்க முடியாது என்ற கோப்பைத் திறந்தேன்.
விளக்கு தனி, பசி தனி என்று
அவர் வரிகளைப் பிரித்தேன்,
பதினேழு படகுகளுக்கும் தூக்கம் கலையாதபடி.
விளக்கை அப்படியே வாங்கிக்கொள்ளட்டும் என் படகு.
அவர் குறிப்பின் கீழே
ஒரே வார்த்தை எழுதினேன்: இது.

மணி இரண்டு. விடிந்தது என்று சொல்ல முடியாது,
இருட்டவேயில்லை.
ஊத்வார் கரை சேர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.
தாடை வலித்தது.
எவ்வளவு நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ.

அப்பாவும் இப்படித்தான்,
பண்ணைக் கணக்கு நோட்டின் முன்னால், ராத்திரி முழுக்க.
ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.